சிறார் வாழும் மனைக்கு ஏற்ற நாய்

நட்பினைப் பற்றிக் கூறப்புகுந்த திருவள்ளுவர், ஆராயாது நட்புக் கொள்வதினும் பெருங்கேடு பிறிதில்லை என்றும், நட்ட பின்னர் விடுபடுதல் நட்பாளர்க்கு இயலாது என்றும் ‘நட்பாராய்தல்’ என்னும் அதிகாரத்தின் முதற்கண்ணேயே அறிவுறுத்துகின்றார். நாலடியாரிலும் அப்பெயரிய அதிகாரம் ஒன்று உளது. ஆண்டு, பழகிய பாகனையே கொல்லும் யானையினும், தன்னை ஊறுபடுத்திய தலைவனைக் கண்டும் வாலைக் குழைக்கும் நாயே நண்பர்க்கு உவமையாகத் தக்கது என்பது பெறப்படும். நட்புக்கு உரைத்த ஆராய்ச்சி நாய்க்கும் பொருந்தும். மனையிற் சிறார் இருப்பின் இருமடங்கு பொருந்தும். ஆயின் நம்மவரோ மாடு வாங்குங்கால் பல்லும் சுழியும் பார்த்து மூன்று சந்தை அலைவர். நாய் வாங்குங்கால் மட்டும் படத்தைப் பார்த்து விலை பேசிவிடுவர்.

எம் பேராவூரணி தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பாங்கில் அமைந்தது. நெல்வயலினும் தென்னந்தோப்பு மிகுந்த இடம். தோப்புக்கு நடுவே ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் வீடுகள் பல. ஆடவருள் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பொருளீட்டச் சென்றிருப்ப, முதியோரும் மகளிரும் சிறாருமே மனையைக் காத்திருப்பர். ஆதலின், ‘குழந்தைக்குத் தோழனாகவும் கொல்லைக்குக் காவலாகவும் இருக்கத்தக்க நாய் எது?’ என்னும் வினா இப்பகுதியில் அடிக்கடி எழுகின்றது. வினாவிலேயே ஒரு சிக்கல் உண்டு. காவல் என்பது அயலாரை ஐயுறுதல். தோழமை என்பது ஐயுறாமை. மேலும், குழந்தை தனித்து விளையாடுவதில்லை. பள்ளி விட்டால் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஐவரோ அறுவரோ உடன் வருவர். ஓடுவர், வீழ்வர், கூச்சலிடுவர். தன் வீட்டுக் குழந்தையின் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுக்கும் நாய், அடுத்த வீட்டுக் குழந்தை ஓடிவரக் கண்டு பொறுக்குமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இதற்கு விடை காண, இனம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். நிறமும் செவியும் வாலும் மட்டும் இனம் ஆகா. பல தலைமுறையாக மக்கள் ஒரு தொழிலுக்கென்று தெரிந்து பெருக்கியமையாற் படிந்த இயல்பே இனத்தின் உயிராவது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. வீழ்ந்துபட்ட வீரனுடன் அவனுடைய நாயும் அக்கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு மொழிகின்றது. ஏழாம் நூற்றாண்டிற் கல்லெழுத்துப் பெற்ற அச்சிறப்பு, இன்று திண்ணையிற் பந்து பொறுக்க வரும் சிறுவன்பால் நிகழுமாயின் அதனைச் சிறப்பென்று யார் கூறுவர்?

தமிழகத்து இனங்களுள் புகழ்மிக்கது இராசபாளையம். 2005 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் முத்திரைகள் நான்கனுள் இதுவும் ஒன்று. பால்போலும் வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டடிக்கு மேற்பட்ட உயரம்; பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய். ஒருவரையே தலைவராகக் கொண்டு, பிறரை எளிதில் நம்பாத தன்மையது. இவ்வினத்திற் பிறவிச் செவிடு உண்டு என்பதை வாங்குவோர் பலர் அறிவதில்லை. மயிருக்கும் தோலுக்கும் நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்து செவியின் தொழிலுக்குத் துணைசெய்வன. வெண்மையையே விரும்பிப் பெருக்குங்கால் அவ்வணுக்கள் உட்செவியில் இல்லாதொழிதல் நேரும்; அப்பொழுது குட்டி செவிடாகும். செவிடான நாய் கெட்ட நாய் அன்று. ஆயினும், உறங்கும் நாயின்மேல் நான்கு வயதுக் குழந்தை வந்து வீழ்ந்தால், காலடி கேளாத அந்நாய் திடுக்கிட்டு எழுந்து முதலிற் செய்வது கடித்தலே. ஆதலின் இராசபாளையக் குட்டியை விரும்புவோர், அது உறங்கும்போது காற்றோ நிழலோ படாத தொலைவிற் பின்னின்று கைதட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. ஒரு செவி மட்டும் கேளாமையை இவ்வாறு அறியவியலாது. அதற்கு மருத்துவரின் கருவிச் சோதனை வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி என்பன தென்பாண்டி நாட்டு ஓட்ட நாய்கள். மெலிந்த இடையும் நீண்ட காலும் உடையன. குறுமயிராதலின் நம் வெயிலைத் தாங்கும். மனைக்குள் அமைதியாகவே இருக்கும். முயலைக் கண்ணாற் கண்டு விரட்டிப் பிடித்தலே இவற்றின் குலத்தொழில். அத்தொழிலோ 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் குற்றமாயிற்று. தொழில் போயினும் ஓட்டம் போகவில்லை. நாடோறும் வேலியிட்ட வெளியில் ஓடவிட இயலாதவர் வீட்டில், அடுத்த வீட்டுக் கோழியும் ஆட்டுக்குட்டியும் முயலுக்கு ஈடாகும்; பின்னர் வரும் வழக்கை ஊர்ப் பெரியவர் தீர்த்துவைப்பர். பத்துவயதுக்கு மேற்பட்ட, ஓடும் விருப்புள்ள சிறுவர் இருக்கும் தோப்பு வீட்டுக்குச் சிப்பிப்பாறை நல்ல துணையே என்பது எம் கருத்து. தேனி மாவட்டத்துக் கோம்பையூரின் பெயர் தாங்கிய கோம்பை நாயோ வலிய தாடையும் கடுங்காவலும் உடையது. முதன்முறை நாய் வளர்ப்போர்க்கு உரியதன்று. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாட்டின் பிரதமர் வானொலி உரையில் இந்திய இனங்களைப் பாராட்டிய பின்னர் இவற்றின்மேல் விருப்பம் மிகுந்தது நன்றே. நாட்டுப்பற்றுக்காக நாய் வாங்குதல் தீதன்று. நாட்டுப்பற்று நாயை நாடோறும் ஓட்டிச் செல்லுமாயின்.

இனி, அயல்நாட்டு இனங்களுக்கு வருவாம். சிறாருக்கு ஏற்றது யாதென எவரைக் கேட்பினும் ‘லாப்ரடார்’ என்பர். அக்கூற்றுக்குக் காரணம் உண்டு. நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்க்குத் துணைசெய்த நாய்களின் வழிவந்தது அது. பின்னர் இங்கிலாந்தில், சுட்டு வீழ்த்திய பறவையைச் சிதையாமற் கவ்விக் கொணர்தற்கென்று பெருக்கப்பட்டது. மென்மையாய்க் கவ்வும் வாயும், மனிதர் கையை எதிர்நோக்கும் மனமும் அத்தொழிலின் பேறு. ஆயினும், பனிநீருக்கென அமைந்த ஈரடுக்கு மயிரோடு அது சித்திரை வெயிலில் நம்மூர்க் கொட்டகையிற் கிடந்து இளைப்பதைக் காண்டல் இரக்கத்தக்கது. ஞாயிறு எழுமுன்னும் விழுந்த பின்னுமே அதனை நடத்தல் வேண்டும். நடத்தாது சோறு மட்டும் இட்டால் பருத்து மூட்டுநோய் கொள்ளும். முப்பது கிலோ எடையுள்ள நாய் அன்பினாற் பாய்ந்தாலும் இரண்டு வயதுக் குழந்தை கீழே வீழ்தல் உறுதி.

2003 ஆம் ஆண்டளவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவன் பின்னே ஓடிய பக் நாய், இந்தியா முழுதும் வீடுகளிற் புகுந்தது. குணத்தால் இனியதே. எனினும் நாய்க்கு வெப்பத்தைப் போக்கும் வழி நாநீட்டி மூச்சிரைத்தலே. மூக்குக் குறுகிய பக்கிற்கு அவ்வழியே அடைபட்டுள்ளது. பனிநாட்டுச் சறுக்குவண்டி இழுக்கும் ஹஸ்கியைத் தென்னந்தோப்பிற் கட்டுவதைப் பற்றி யாம் ஒன்றும் கூறாது விடுகின்றோம். நம்மவர் ‘பொமரேனியன்’ என்றழைக்கும் வெள்ளைச் சிறுநாய்களுட் பல, உண்மையில் ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ எனப்படும் இனமாம். நம் வெப்பத்திற் பழகியது. சிறிது குரைப்பு மிகுதி. சிறுமனைக்கும் முதியோர்க்கும் ஏற்றது. ஆயின் உடல் சிறிதாகலின் குழந்தையாற் குழந்தைக்கன்று, நாய்க்கே ஊறு நேரும்.

கடுங்காவல் நாய்களைப் பற்றி ஒரு சொல். 2024 ஆம் ஆண்டு மேத் திங்களில் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவொன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ராட்வைலர் நாய்கள் இரண்டு கடித்துக் குதறிய செய்தி நாடறிந்தது. அதற்கு இரு திங்கள் முன்னரே 23 வகை நாய்களை விலக்குமாறு மத்திய அரசு மாநிலங்கட்கு எழுதியிருந்தது. உரியோரைக் கலவாது செய்ததெனக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் திங்களில் அதனைச் செல்லாதாக்கியது. சட்டம் எவ்வாறாயினும், சிறார் உள்ள மனையினர் அவ்வகை நாய்களை நாடாதிருத்தலே தக்கது. அவ்வினத்தில் நல்ல நாய்களே இல்லையென்பதன்று. தவறும்போது நேரும் கேடு பெரிது.

அங்ஙனமாயின் யாம் தெரிந்தெடுப்பது யாது? பெயரற்ற நாட்டு நாயே. நம் வெயிலும் நம் சோறும் அதற்குப் புதியன அல்ல, மயிர் குறுகியது, உடல் நடுத்தரம், பிறவி நோய்கள் குறைவு, புதியவர் வந்தாற் குரைத்து அறிவிக்கும். தோப்பு வீட்டுக்கு வேண்டிய காவல் குரைப்பேயன்றிக் கடியன்று. ஆயினும் தெருவிற் கண்ட குட்டியைத் தூக்கிவருதலை யாம் கூறவில்லை. தாயைக் காணல் வேண்டும். தாய்நாய் மனிதரைக் கண்டு ஓடாமலும் சீறாமலும் இருப்பின் குட்டியும் பெரும்பாலும் அவ்வாறே ஆகும். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் ‘குருளை’ என்றும், பெண்மைக்குப் ‘பிணவு’ என்றும் பெயர் வகுத்தது. குருளையை எட்டு வாரம் நிரம்புமுன் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. கடியின் வலிமையை அடக்கிக்கொள்ள உடன்பிறந்த குட்டிகளுடன் விளையாடியே அது கற்கின்றது. பதினான்கு வாரத்திற்குள் பல வயதினரையும் பல ஓசையையும் அச்சமின்றிக் கண்ட குட்டி, பிற்காலத்திற் சிறாரின் ஆரவாரத்தைப் பொறுக்கும். மூலையில் ஒடுங்குவதும் வேண்டா, எல்லாவற்றின்மேலும் ஏறிப் பாய்வதும் வேண்டா. அமர்ந்து நோக்கி, அழைத்தால் வருவதே ஏற்றது.

பிணவை எவரும் வேண்டாமையால், பெண் குருளைகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையருகிலும் சுடுகாட்டுப் பாதையிலும் விட்டுவருதல் நம் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அக்குருளைகளே தப்பிப் பிழைத்துத் தெருவிற் பெருகி, தடுப்பூசியின்றி நம் பிள்ளைகளைக் கடிக்கின்றன. பெண்ணாய் மனையைவிட்டு அகல ஓடாது. குழந்தைகள்பாற் பரிவும் உடையது. கருத்தடை அறுவை செய்துவிட்டால் குட்டிகளின் தொல்லையும் இல்லை. எனவே பிணவையே வாங்குக என்று துணிந்து கூறுவோம்.

இனம் எதுவாயினும், ஊசி போடாத நாய் சிறார் மனைக்கு ஏலாது. வெறிநோய் மக்கட்கு வருவது பெரும்பாலும் நாய்க்கடியாலேயே. வெறிபிடித்ததென ஐயுறும் விலங்குகளாற் கடியுண்போருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதிற்குட்பட்டோர் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. 1885 ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் முதன்முதல் ஊசியிட்டுக் காத்ததும் ஒன்பது வயதுச் சிறுவனையே. நோய்க்குறி தோன்றியபின் உயிர் மீளுதல் மிக அரிது. தோன்றுமுன் ஊசியிட்டாற் சாவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே குழந்தையின் வாய் திறத்தலே நிற்கின்றது. அடிப்பர் என்றோ, நாயைத் துரத்திவிடுவர் என்றோ அஞ்சிச் சிறு கீறலை மறைக்கும் பிள்ளைகள் உளர். ‘நாய் பல் பட்டால் உடனே சொல், உன்னையும் அடியோம், நாயையும் விரட்டோம்’ என்று நாய் வாங்கும் நாளிலேயே குழந்தைக்கு வாக்களித்துவிடுதல் வேண்டும். பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்புதல் தீங்கே. பின்னர்த் தாழாது அரசு மருத்துவமனைக்குச் செல்க. காயம் ஆழமாயின், ஊசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்மருந்தும் உண்டு.

ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையையும் நாயையும் ஒரு கணமும் தனியே விடலாகாது. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியீன்ற நாய் இம்மூன்றையும் பிள்ளைகள் அணுகலாகாது. முகத்தை அப்பால் திருப்புதல், உதட்டை நக்குதல், உடல் விறைத்தல் என்பன நாயின் பொறுமை தீர்கின்றது என்பதற்கு அடையாளங்கள். உறுமல் அதன் கடைசிச் சொல். உறுமியதற்காக அடித்தால், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். பகல் முழுதும் சங்கிலியிற் கட்டிவைத்த நாய் எவ்வினமாயினும் கடுமையாகும். வேலியடைத்து உள்ளே விடுக.

குருளைக்கு ஆறு முதல் எட்டு வாரத்திற் பிற நோய்த்தடுப்பும், மூன்று திங்களில் வெறிநோய்த் தடுப்பும், பின் ஆண்டுதோறும் மறு ஊசியும் இடுதல் முறை. வேண்டிய ஆலோசனைக்கு, நம் பக்கத்து ஒரத்தநாட்டில் 2012 ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மருத்துவர் தரும் ஊசி அட்டையைப் பத்திரப்படுத்தி, அடுத்த நாளை நாட்காட்டியில் வட்டமிடும் வேலையை வீட்டின் மூத்த பிள்ளையிடம் ஒப்புவிக்கலாம். ஆறு வயதில் அவ்வட்டத்தை முதன்முதல் இடும் குழந்தை கல்லூரிக்குப் புறப்படும் காலத்தும் அந்நாய் வாசலிற் படுத்திருத்தல் கூடும்.