விடுபட்ட வீட்டைத் தேடி: சிற்றூர்த் தடுப்பு மருந்துப் பணி தரும் பாடம்

நோய் தீர்ப்பதைப் போலவே நோயை வருமுன் காப்பதும் அறப்பணியாகும். ஆயினும் மருந்தும் பொருளும் இருந்தால் மட்டும் அப்பணி நிறைவேறாது. அது கடைசி வீட்டையும் சென்று சேர வேண்டும். இதற்கு இந்தியாவின் இளம்பிள்ளை வாத ஒழிப்புப் பணி தக்க சான்றாகும்.

அங்கு நாடு தழுவிய போலியோ சொட்டு மருந்து இயக்கம் 1995இல் தொடங்கியது. ஆயினும் 2009இல் 741 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களில் மிகப் பலர் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். வயிற்றுப்போக்கு மிகுந்த அவ்வட்டாரங்களில் ஒரு குழந்தைக்கு மருந்தைப் பலமுறை கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சில குழந்தைகள் விடுபட்டும் போயினர். அக்குறை எவ்வாறு தீர்ந்தது என்பதைக் காண்போம்.

1. வீட்டுக் கணக்கு

முதல் நாள் ஊர்ப் பொதுவிடத்தில் முகாம் நடைபெறும். அடுத்த நாள்களில் தொண்டூழியர்கள் வீடு வீடாகச் செல்வர். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மையிடுவர். எல்லாக் குழந்தைகளும் பெற்றுவிட்ட வீட்டுச் சுவரில் ‘பி’ என்றும், எவரேனும் விடுபட்டிருந்தால் ‘எக்ஸ்’ என்றும் எழுதுவர். ‘எக்ஸ்’ வீட்டிற்கு மீண்டும் செல்வது கட்டாயம். செங்கல் சூளைகளிலும் இரயில் நிலையங்களிலும்கூடக் குழந்தைகளைத் தேடினர். பீகாரின் கோசி ஆற்றுப் பகுதிக்குப் படகிலும் கால்நடையாகவும் சென்றனர்.

2. குளிர் காத்தல்

மருந்தைப் பனிக்கட்டியுடன் குளிர்பெட்டியில் கொண்டு செல்ல வேண்டும். குப்பியின் மேல் வட்டத்திற்குள் ஒரு சதுரம் இருக்கும். வெப்பம் பட்டுச் சதுரம் வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் அம்மருந்தைப் பயன்படுத்தலாகாது.

3. மறுப்பவர் மனம்

சொட்டு மருந்தால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமற்போகும் என்ற வதந்தி சில ஊர்களில் பரவியது. சாலையோ மருத்துவரோ இல்லாத ஊருக்கு இச்சொட்டு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மக்கள் ஐயுற்றதும் நியாயமே. அவர்களை அதட்டிப் பயனில்லை. அவ்வூர்ப் பெண்களே தாய்மார்களிடம் பேசினர். சமயப் பெரியோர் முன்வந்து குழந்தைகளுக்கு மருந்து புகட்டினர். பொது மருத்துவ முகாம்களும் நடத்தப்பட்டன. கதவுகள் திறந்தன.

2010இல் மேம்பட்ட மருந்தும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நோயுற்றோர் 42 பேர். 2011இல் ஒருவர் மட்டுமே. மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்துச் சிறுமியே அவர். 2014 மார்ச் 27ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம், இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய வட்டாரத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது.

சிற்றூர்களில் மருத்துவ முகாம் நடத்த விழையும் அன்பர்கள், வந்தவர் எத்தனை பேர் என்பதுடன் வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதையும் எழுதி வைப்பார்களாக. நன்கொடையாளர்கள் அக்கணக்கையும் கேட்டறியலாம். மருந்துக்குக் கொடுப்பது போலவே பனிக்கட்டிக்கும் படகுக் கூலிக்கும் மறுநடைக்கும் கொடுப்பதும் உயிர் காக்கும் கொடையே.