பூமிக்குள் தேடும் கணக்கு: எந்தத் திசையில், எவ்வளவு தூரம்?

நம் அந்தமான் தீவுக்கூட்டம் வடக்கு தெற்காகச் சுமார் 467 கி.மீ. நீண்டு கிடக்கிறது. அதன் சராசரி அகலமோ 24 கி.மீ.தான். மாயாபந்தரிலிருந்து தெற்கே 40 கி.மீ. சென்றால் பெரும்பாலும் மண்ணில்தான் நிற்போம். கிழக்கே 40 கி.மீ. சென்றால் கடலில் இருப்போம். தூரம் ஒன்றுதான், திசை மாறியதும் விடை மாறிவிடுகிறது. பூமிக்கடியிலுள்ள தாதுவைக் கணக்கிடுவோர் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

ரயில்வேயில் பாலத்து அஸ்திவாரத்துக்காக மண் பரிசோதனைத் துளை போடும்போதும் இதைக் கண்டிருக்கிறேன். ஆற்றோட்டத்தின் திசையில் மணற்படுகை நெடுந்தூரம் ஒரே மாதிரி இருக்கும். ஆற்றின் குறுக்கே சில அடிகளிலேயே களிமண் வந்துவிடும்.

கோலார் தரும் எடுத்துக்காட்டு

தமிழர்கள் வியர்வை சிந்திய கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-ல் அங்கு பணியைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு புகழ்பெற்ற சாம்பியன் ரீஃப் என்பது குவார்ட்ஸ் கல்லாலான ஒரு மெல்லிய பட்டை. வடக்கு தெற்காகச் சுமார் 8 கி.மீ. ஓடுகிறது. மேற்கு நோக்கிச் சரிந்து, 3 கி.மீ.க்கும் கூடுதலான ஆழம் வரை இறங்குகிறது. ஆனால் தடிமன் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். சுவரில் சாய்த்து வைத்த பெரிய பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட படிவை இன்று கணிப்பொறியில் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தங்கம் என்பதைச் சுற்றியுள்ள துளைகளின் மாதிரிகளிலிருந்து மதிப்பிடுகிறார்கள். எந்த மாதிரிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது? அதை முடிவு செய்யக் கட்டத்தை மையமாக வைத்து ஒரு கற்பனை வடிவம் வரைகிறார்கள். அது பந்தாக இராமல் மூன்று பக்கமும் மூன்று அளவு கொண்ட, முட்டையை அழுத்தியது போன்ற உருவம். இதற்குத் தேடல் நீள்கோளம் (எலிப்சாய்டு) என்று பெயர். அதன் நீண்ட அச்சு பட்டை ஓடும் திசையிலும், இரண்டாவது அச்சு பட்டை சரியும் திசையிலும், மிகக் குறுகிய அச்சு பட்டையின் தடிமன் வழியாகவும் அமைய வேண்டும். வளமான பகுதிகள் பலகைக்குள்ளேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், நீண்ட அச்சை அந்தச் சாய்வுக்கேற்பத் திருப்ப வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. செங்குத்தாக நிற்கும் பட்டைக்குள் ஒரு கட்டம். அதற்கு வடக்கே 30 மீட்டரில் ஒரு மாதிரி, டன்னுக்கு 8 கிராம். தெற்கே 40 மீட்டரில் இன்னொன்று, 6 கிராம். கிழக்கே 6 மீட்டரில், பட்டைக்கு வெளியே வெறும் பாறையில் மூன்றாவது, 0.5 கிராம். அருகிலிருப்பதற்கு அதிக மதிப்பு என்ற முறையில், தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை கொடுப்போம்.

பந்து வடிவில் தேடினால் அருகிலிருக்கும் வெறும் பாறையே மேலோங்கும். விடை 0.9 கிராம். அதாவது நல்ல தாதுவைக் குப்பை என்று ஒதுக்கிவிடுவோம்.

வடக்கு தெற்கில் 60 மீட்டர், கிழக்கு மேற்கில் 3 மீட்டர் எட்டும் நீள்கோளத்தை வைத்தால், வெறும் பாறையின் மாதிரி வெளியே நின்றுவிடும். மற்ற இரண்டிலிருந்து வரும் விடை சுமார் 7.3 கிராம்.

இதே நீள்கோளத்தைத் தவறுதலாக 90 பாகை திருப்பிவிட்டால் என்ன ஆகும்? வெறும் பாறையிலுள்ள கட்டம் பட்டையின் தங்கத்தை எட்டிப் பிடித்துவிடும். காகிதத்தில் தங்கம் பெருகும், பூமியில் இராது. அதை நம்பிப் பணம் போட்டவரும், வேலையை நம்பிக் குடிவந்த தொழிலாளியும் பிறகு ஏமாறுவார்கள். ஆகவே பட்டையின் எல்லையை முதலில் வரைந்து, உள் மாதிரிகளையும் வெளி மாதிரிகளையும் பிரித்து வைப்பதும் அவசியம்.

அளவை எப்படி நிர்ணயிப்பது?

தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951-ல் தங்க மதிப்பீட்டுக்குப் புள்ளியியல் வழியைக் காட்டினார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960-களில் அதற்குக் கணித அடிப்படை அமைத்து, கிரிகேயின் பெயரையே சூட்டினார். அதில் பயன்படும் கருவி வேரியோகிராம். ஒரே திசையில் 10 மீட்டர், 20 மீட்டர், 30 மீட்டர் இடைவெளியுள்ள மாதிரி ஜோடிகளை எடுத்து, மதிப்பு வேறுபாட்டின் வர்க்கச் சராசரியில் பாதியை வரைபடமாக்க வேண்டும். இடைவெளி கூடக் கூடக் கோடு ஏறி, ஓரிடத்தில் சமமாகும். அந்தத் தூரத்துக்கு அப்பால் ஒரு மாதிரிக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை என்று பொருள். இத்தூரத்தை மூன்று திசைகளிலும் கண்டால் நீள்கோளத்தின் அளவுக்கு ஆதாரம் கிடைக்கும். மிகச் சிறிதாக வைத்தால் பல கட்டங்கள் காலியாக நிற்கும். மிகப் பெரிதாக வைத்தால் உயர்வும் தாழ்வும் கலந்து எல்லாம் சராசரியாகிவிடும். எனவே முதலில் சிறிய அளவிலும், விடுபட்ட கட்டங்களுக்குப் பெரிய அளவிலும் தேடி, பிந்தியதற்குக் குறைந்த நம்பிக்கை என்று குறிப்பது வழக்கம். ஒரே துளையின் மாதிரிகளே ஒரு கட்டத்தை ஆளாதபடி எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்க வேண்டும்.

கோணங்களைக் குறிக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். எண்களைத் தட்டியதோடு நில்லாமல், நீள்கோளத்தைத் துளைகளின் மேல் வரைந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பட்டை மடிந்திருந்தால் ஒரே கோணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும்.

நம் கடலடியில்

இது நமக்கும் தொலைவான விஷயமில்லை. 2024 நவம்பர் 28-ல் மத்திய சுரங்க அமைச்சகம் முதன்முறையாகக் கடலடிக் கனிமத் தொகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. 13 தொகுதிகளில் 7 கிரேட் நிக்கோபாருக்கு அப்பாலுள்ளவை. பல உலோகம் கலந்த கணுக்களும் மேலோடுகளும் கொண்டவை. கணுக்கள் கடல் தரையின் மேல் உருளைக்கிழங்குபோல் சிதறிக் கிடப்பவை. ஆழத்தில் தொடர்ச்சியில்லாததால் அங்கே சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்றே கணக்கு. நீள்கோளம் தோசைபோல் தட்டையாகிவிடும். மேலோடு பாறைச் சரிவில் ஒட்டியிருப்பதால், தோசையைச் சரிவுக்கேற்பச் சாய்க்க வேண்டும்.

ஆழ்கடல் கணு பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரக்கூடியது. ஒருமுறை வாரிய தரை நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் மீளாது. ஆகையால், இத்தனை டன் இருக்கிறது என்று யாராவது சொல்லும்போது, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தேடிச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த இளைஞர்கள் நம் தீவுகளில் உருவாக வேண்டும். நில இயல் படிக்கும் நம் பிள்ளைகள் இதில் கருத்துச் செலுத்துவார்களாக.