பகல் சோற்றுக்கு ஒரு வல்லாரைச் சம்பல்



மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது, கண்ணு இருட்டுது என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "வெயில் ஒத்துக்கல்ல" என்று அதோடு விட்டுவிடுகிறோம். பல சமயம் அது வெயில் இல்லை, இரத்தச் சோகை. கர்ப்பமில்லாத பெண்ணின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகைதான். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சிய சோற்றையும் பருப்பையும் சாப்பிடுகிறவருக்கு இது வருவதில் ஆச்சரியம் என்ன?

கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். தேசிக்காயில் உள்ள விற்றமின் சி சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்து சூட்டில் அழிந்துபோவதால்தான் சமைக்காத சம்பல் நல்லது என்கிறோம்.

ஐந்து பேருக்கு வல்லாரை இரண்டு கட்டு, ஒரு கெரட், சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, இரண்டு கைப்பிடி தேங்காய்ப்பூ, ஒரு தேசிக்காய், உப்பு அளவாக. இருந்தால் மாசித்தூள் ஒரு தேக்கரண்டி. கருவாடு, மாசி போன்றவையும் கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். தேங்காய்ப்பூவைக் குறைக்க வேண்டாம். கெரட்டில் உள்ள சத்து விற்றமின் ஏ ஆக உடம்பில் சேர கொஞ்சம் எண்ணெய்த்தன்மை தேவை.

இலையை எங்கே பறிக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். வல்லாரை ஈரம் கண்ட இடமெல்லாம் படரும், லயத்துக் கான் ஓரத்திலும் தழைத்து நிற்கும். அந்தக் கானில் என்னென்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கே பறிக்காதீர்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலையிலும் வேண்டாம், கழுவினாலும் மருந்து முழுதாகப் போகாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வாளியில் மண் போட்டு நாலு கொடியை நட்டால் போதும்.

வேரைக் கிள்ளி எறிந்து, இலை இலையாகப் பிரித்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். மண்ணோடு பூச்சி முட்டையும் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் எல்லாம் செத்துப்போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடைசித் தண்ணீர் கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் குடிக்கிற டிவிசன்களில் இதை விடவே கூடாது. கத்தி, பலகை, கை எல்லாம் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இலையை அரிந்து, தேங்காய்ப்பூவோடு சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி எடுத்துவிடுங்கள். இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியலாம்.

கழுவிய பிறகுதான் அரிய வேண்டும், அரிந்துவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். எல்லாவற்றையும் பொடியாக அரிந்து கலந்து, சோறு போடும் நேரத்தில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். முன்னாலேயே சேர்த்தால் தண்ணி விட்டு இலை கறுத்துப்போகும். மலைக்குச் சோறு கட்டுகிறவர்கள் தேங்காய்ப்பூ போட்ட சம்பலைக் கட்டாதீர்கள், பகலைக்குள் புளித்துவிடும். கெரட்டும் வெங்காயமும் தனியே அரிந்து, அரைத் தேசிக்காயையும் கொண்டுபோய் அங்கேயே பிழிந்துகொள்ளுங்கள்.

இனித் தேத்தண்ணி. சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். "தேயிலையில பொழைக்கிற நாமளே தேத்தண்ணியக் குத்தம் சொல்றதா?" என்று ஒரு கங்காணி ஐயா என்னிடம் கேட்டார். குற்றம் சொல்லவில்லை ஐயா, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கத்தான் சொல்கிறேன். பகல் நேரம் குறுகியது என்பது தெரியும். அப்படியானால் பகலில் தண்ணீரைக் குடித்துவிட்டு, தேத்தண்ணியை மாலையில் வீட்டுக்கு வந்து குடியுங்கள்.

கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குதான். தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, தண்ணீரோடு விழுங்குங்கள். சம்பல் சாப்பிடுகிறேனே என்று மாத்திரையை நிறுத்தியும் விடாதீர்கள். ஏற்கெனவே குறைந்துபோன இரத்தத்தைச் சம்பல் மட்டும் ஏற்றிவிடாது. தலைசுற்றல் இருந்தால் கிளினிக் நாளில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

மிஞ்சிய சம்பலை இராத்திரிக்கு எடுத்து வைக்க வேண்டாம்.