எந்தச் சக்கரம் முனகுகிறது?

மணிக்கு 40 கிலோமீட்டர் வரை எதுவும் தெரியாது. வேகம் 60ஐத் தொட்டதும் காருக்கு அடியிலிருந்து ‘ஊங்...’ என்று ஒரு முனகல் கிளம்பும். 80இல் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். சின்ன காரில் இந்தச் சத்தம் வந்தால் பலரும் முதலில் டயரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். புது டயர் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பார்த்த பிறகும் முனகல் நிற்காதபோதுதான் வீல் பேரிங் நினைவுக்கு வருகிறது. காசை எடுக்கும் முன் சில சோதனைகளை வரிசையாகச் செய்தால் இந்த வீண் செலவு மிச்சம்.

1. ஓட்டிப் பார்த்தல்

ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, நெரிசல் இல்லாத நேரான சாலையில் 60இல் ஓட்ட வேண்டும். கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் சத்தம் தணியும். அப்போதும் முனகல் தொடர்ந்தால் கோளாறு சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பார்க்கலாம். மாறாமல், வேகத்துக்கு ஏற்ப மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்தான் முதல் சந்தேகம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்று கேட்பது சிவி ஜாயிண்ட். அது வேறு வேலை.

அடுத்து, அகலமான வளைவுகளில் கவனிக்க வேண்டும். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்க பேரிங் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் நம்பி பேரிங் வாங்கக் கூடாது. பேரிங்குக்குள் இருக்கும் இரண்டு உருண்டை வரிசைகளில் எது தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, சில நேரம் எதிர்ப்பக்கம் திரும்பும்போதும் சத்தம் கூடும். போதாக்குறைக்கு, பின்சக்கரத்துச் சத்தம் காரின் உடல் வழியாகப் பரவி முன்னாலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

2. ஜாக்கியில் ஏற்றிச் சோதித்தல்

சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு சக்கரத்தைத் தூக்க வேண்டும். காரின் எடையை ஜாக்கி ஸ்டாண்ட் தாங்க வேண்டும். வெறும் ஜாக்கியையோ அடுக்கிய செங்கல்லையோ நம்பி அடியில் கை வைக்கக் கூடாது.

டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ‘லொடக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? காரில் ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகம். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் முன்சக்கரத்தில் அசைவு இருந்தால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் இல்லை என்பதாலேயே பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. முனகத் தொடங்கும் பேரிங்குகள் பலவற்றில் ஆட்டம் இருப்பதில்லை. காயில் ஸ்பிரிங் மீது ஒரு கை விரல்களை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவதுபோன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரல் நுனிக்கு வந்து சேரும். பிரேக் பேட் லேசாக உரசும் ஓசை இயல்பானது. நான்கு சக்கரங்களையும் இப்படிச் சோதித்து ஒப்பிட்டால் குற்றவாளி பெரும்பாலும் பிடிபடும்.

3. காரணத்தைக் கண்டறிதல்

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. இப்படி நின்ற கார்களில் இன்ஜினைப் பார்ப்பவர்கள் பேரிங்கை மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான பேரிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும்; உள்ளே காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, உருளும் பரப்பில் துரு பிடித்து, சத்தம் வெளியே வர வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

பள்ளத்தில் வேகமாக இறங்குவது, சக்கரம் கர்பில் மோதுவது, ஆஃப்செட் பொருந்தாத அலாய் வீல் மாட்டுவது ஆகியவையும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். காரணம் எதுவானாலும், சீல் செய்யப்பட்ட இன்றைய பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்துக் காப்பாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

4. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன்பக்க பேரிங், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். நக்கிளைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்தே எடுக்க வேண்டும். பிரஸ் இல்லாத இடத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கின் உள்பரப்பில் குழிகள் விழுந்து, சில மாதங்களிலேயே பழைய சத்தம் திரும்பிவிடும்.

நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும்; சக்கரம் மாட்டப்படும் ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் அந்த விசை முழுவதும் உருண்டைகள் மீது விழும். பழைய பேரிங்கின் உள் வளையம் பல நேரம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்கும்போது ஹப்பில் கீறல் விழுந்திருந்தால் ஹப்பையும் மாற்றுவது நல்லது.

ஏபிஎஸ் உள்ள கார்களில், பல பேரிங்குகளின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் வேலை முடிந்ததும் ஏபிஎஸ் விளக்கு எரியும். சரிசெய்ய எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

கடைசியாக ஆக்சில் நட். பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்கி, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதுவரை காரின் எடை அந்தச் சக்கரத்தின் மீது இறங்கக் கூடாது. நக்கிளைக் கழற்றியிருந்தால் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் கெட்டதற்காக மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவது கட்டாயமல்ல. சோதனையில் தேறினால் விட்டுவிடலாம்.

முனகல் மட்டும் இருக்கும்போது வேலைக்கு நாள் குறிக்கச் சிறிது அவகாசம் உண்டு. சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, ஓட்டி நிறுத்தியதும் ஒரு ஹப் மட்டும் அனலாக அடித்தாலோ அந்த அவகாசம் முடிந்தது. அதன் பிறகு காரை ஓட்டாமல், டோயிங் வண்டியில் ஏற்றியே பட்டறைக்கு அனுப்புங்கள்.