தூண்டில் போடுவது பொழுதுபோக்கா? மார்க்கத்தின் எல்லை எது?

 



சாரல் தொடங்கிவிட்டால் நம் செங்கோட்டை வட்டாரத்தின் முகமே மாறிவிடுகிறது. குண்டாறு அணை நிரம்புகிறது. மேக்கரை அடவிநயினார் அணைக்குத் தண்ணீர் வருகிறது. குற்றால அருவியில் குளித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் சிலர் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மீன் சிக்கியதும் அதைத் தூக்கிப் பிடித்து செல்போனில் படம் எடுக்கிறார்கள். பிறகு சிலர் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். சிலர் தண்ணீரில் திரும்ப விடுகிறார்கள். சிலர் துடிக்கத் துடிக்கக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இது கொடுமையா? இதைத் தடை செய்ய வேண்டுமா? மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

ஹலாலை ஹராமாக்க வேண்டாம்

நீரில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான் (அல்குர்ஆன் 5:96). ஆட்டையும் கோழியையும் அறுத்தால்தான் ஹலால். மீனுக்கு அந்த நிபந்தனையும் இல்லை. எனவே வயிற்றுப் பிழைப்புக்கு வலை வீசுபவரையோ, வீட்டுக் குழம்புக்கு நாலு கெண்டை பிடிக்கும் பையனையோ கொடுமைக்காரன் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அல்லாஹ் திறந்து வைத்த வாசலை நாம் அடைக்க முடியாது.

ஆனால் உயிர் விளையாட்டுப் பொருள் அல்ல

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை குறைஷி வாலிபர்கள் சிலரைக் கடந்து சென்றார்கள். அவர்கள் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றைக் குறிப்பொருளாக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் (ரலி) எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! பறவையை உண்பது ஹலால்தான். அதன் வேதனை ஒருவருடைய பொழுதுபோக்காக ஆனதுதான் அங்கே குற்றம்.

"பறவை கத்தும், மீன் கத்துவதில்லையே?" என்று கேட்கலாம். 2003-ல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டிரவுட் என்ற மீனை ஆராய்ந்தார்கள். அதன் முகத்திலும் வாயைச் சுற்றியும் காயத்தை உணரும் நரம்புகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் அமிலம் செலுத்தியபோது மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக்கல்லில் உதட்டைத் தேய்த்தன. மணிக்கணக்கில் இரையைத் தொடவில்லை. மனித மூளையின் அமைப்பு மீனுக்கு இல்லை, ஆகவே அது உணர்வது வலியாகாது என்று மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. விவாதம் முடியவில்லை. ஆனால் சந்தேகமானதை விட்டுவிட்டு சந்தேகமற்றதை எடுத்துக்கொள்ளச் சொன்ன நபியின் உம்மத் நாம். பசிக்காகப் பிடிப்பவருக்கு ஒரு தேவை இருக்கிறது. வேடிக்கைக்காகப் பிடிப்பவருக்கு என்ன தேவை இருக்கிறது?

பிடித்துவிட்டு விட்டுவிட்டால்?

"நான் கொல்வதில்லை, திரும்ப விட்டுவிடுகிறேன்" என்பதைப் பலர் கருணை என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்! சமைக்கப் பிடித்தவரின் செயலில் ஒரு பயன் இருக்கிறது. விடுவதற்காகவே பிடித்தவரின் செயலில் மீனுக்குக் கிழிந்த வாயும் மூச்சுத் திணறலும்தான் மிச்சம். கருணை போலத் தெரியும் இதுதான் நியாயப்படுத்த மிகக் கடினமானது. தக்க காரணமின்றி ஒரு விலங்குக்கு வலி கொடுக்கக் கூடாது என்று ஜெர்மனியின் சட்டமே சொல்கிறது. திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதை சுவிட்சர்லாந்து தடுத்திருக்கிறது. அதே சமயம், உணவுக்காகத் தூண்டில் போட்டவர் சிக்கிய குஞ்சு மீனை விட்டுவிடுவது நல்ல காரியமே. அவர் வேதனையைத் தேடிப் போகவில்லை.

தடைச் சட்டம் வேண்டுமா?

2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி அனுமதித்தது. 2023-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இப்படி மாறலாம். மறுமையின் கேள்வி மாறாது. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் சென்றதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களே, எந்த ஊர்ச் சட்டம் அவளைத் தடுத்தது?

எனவே முழுத் தடை கேட்பதற்கு முன், நாம் நமக்கே நான்கு எல்லைகளை வைத்துக்கொள்வோம்.

1. நிய்யத்: உண்ண, கொடுக்க, விற்க என்றால் பிடியுங்கள். தேவைக்கு மேல் பிடிக்காதீர்கள். படம் எடுக்க மட்டும் என்றால் தூண்டிலை வீட்டில் வையுங்கள்.

2. முறை: எதிலும் அழகிய முறையைக் கடைப்பிடிக்கவும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் கட்டளையிட்டார்கள் நபி (ஸல்) (முஸ்லிம்). மீனை அறுக்க வேண்டியதில்லை என்பதால் துடிக்கவிடலாம் என்று பொருளல்ல. தலையில் ஓர் அடி அடித்து வேதனையை உடனே முடித்துவிடுங்கள். உயிருள்ள புழுவை முள்ளில் குத்துவானேன்? மைதா மாவு உருண்டை போதுமே!

3. பிறர் உரிமை: குளங்களில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் பணம் கட்டி மீன்குஞ்சு விட்டிருக்கிறார். அவர் அனுமதியின்றிப் பிடித்தால் அந்த மீன் அவர் பொருள். "ஒரே ஒரு மீன்தானே" என்பது அல்லாஹ்விடம் பதிலாகாது.

4. நேரம்: வேட்டையின் பின்னால் செல்பவன் மறதியில் விழுகிறான் என்று நபிமொழி எச்சரிக்கிறது (அபூதாவூத், திர்மிதி). சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்ற கட்டளையை மீறிய ஊராரின் கதியை அல்குர்ஆன் 7:163 முதல் படித்துப் பாருங்கள். அவர்கள் சோதிக்கப்பட்டதே மீனைக் கொண்டுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்கு கேட்ட பிறகும் தக்கை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

பெற்றோர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையை அருகில் அழைத்து, "அந்த மீனை எதற்கப்பா பிடித்தாய்?" என்று கேளுங்கள். திட்ட வேண்டாம். அந்தக் கேள்வி அவன் மனதில் தங்கிவிட்டால் அதுவே போதும்.

எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.