கரும்பாறைக் காட்டில் டென்ட் போடும்போது...

தங்கச்சி, அமெரிக்காவின் ஐடஹோவில் 'கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன்' எரிமலைப் பாலைக்குக் கிளம்புகிறாயா? அங்கே வானிலை ஒரே நாளில் மூன்று முகம் காட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஜூனில்கூடப் பனி விழலாம். பகலில் தகித்தாலும் ராத்திரிக்குக் கம்பளி கட்டாயம்.

முகாமுக்கு முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கே இடம். அதனால் மதியத்துக்குள் போய்ச் சேர். டென்ட் போடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தரை முழுக்க எரிமலைச் சரளை. முளை அடித்தால் பிடிக்காது. சாயங்காலக் காற்று வேறு பலமாக வீசும். கல் வைத்துக் கட்டலாமே என்று எரிமலைப் பாறைகளைப் பெயர்க்காதே, அது குற்றம். தண்ணீர் கேன்களை நிரப்பி, நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டு. கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வெளியே சுற்றப் போகும்போது டென்டுக்குள் கனமான பைகளை வைத்துவிட்டுப் போ. விறகு எரிக்க அனுமதி இல்லை, அடுப்பும் கேஸும் எடுத்துக்கொள்.

ஊர் சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடு. கருப்புப் பாறை வெயிலை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். மதியம் செருப்போடு நடந்தால் பாதம் பொத்துப்போகும். கெட்டியான ஷூ போடு, பாறை விளிம்பு கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும். 'இன்ஃபெர்னோ கோன்' ஏற்றம் சின்னதுதான், செங்குத்தானது. மேலே நின்றால் எரிமலை வரிசை முழுவதும் தெரியும். ஆனால் மேகம் திரண்டாலோ இடி கேட்டாலோ ஒரு போட்டோகூட எடுக்காமல் இறங்கிக் காருக்குள் போய் உட்கார். அந்த மொட்டைக் குன்றில் உன்னைவிட உயரமாக எதுவும் இல்லை.

வெயில் கடுமையானால் குகைகள் பக்கம் திரும்பிவிடு. உள்ளே போகப் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளவால்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பரவாமல் தடுக்கத்தான் இந்தச் சீட்டு; வேறு குகைக்குப் போட்டுப்போன உடையோ ஷூவோ வேண்டாம். ஆளுக்கொரு டார்ச் வைத்துக்கொள்.

அந்த மையத்திலேயே அன்றைய வானிலையையும் கேட்டுவிடு. கடையும் பெட்ரோலும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஆர்கோ ஊரில்தான். அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வா.