நம் குடும்ப வரலாற்றை எப்படித் தேடுவது?



2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் நம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டிய நிலை வந்தது. தாதாவின் பெயரை அன்று எப்படி எழுதினார்கள், நம் வீடு அப்போது எந்தத் தொகுதியில் இருந்தது என்பது தெரியாவிட்டால் அந்தத் தேடல் நகராது.

சொத்து விஷயத்திலும் இதே நிலைதான். பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும், அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்பது பேரன்களுக்கே முழுதாகத் தெரியாது. ஆண்மக்களின் பெயர்கள் நினைவில் நிற்கும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்மக்களின் பெயர்கள் மறந்துபோகும். தகப்பனாருக்குப் பின் மவுத்தான மகளின் பங்கு அவளுடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. அவள் பெயரே எழுதப்படவில்லை என்றால் அந்தப் பங்கு சத்தமில்லாமல் போய்விடும். உறவைப் பேணுவதும் ஃபராயிள்படி பங்கு கொடுப்பதும் நம் மீது கடமை. உறவினர் யார் யார் என்று தெரிந்தால்தான் இரண்டையும் செய்ய முடியும்.

1. பெரியவர்களிடம் தொடங்குங்கள்

முதல் ஆவணம் வீட்டிலிருக்கும் மூத்தவர்தான். “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “அண்ணா இறந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?”, “எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் மூத்தவன் பிறந்துவிட்டானா?” என்று கேளுங்கள். முன்னது 1969, பின்னது 1987. இப்படிக் கேட்டால் ஆண்டு ஓரளவு பிடிபடும். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அழைக்கும் பெயர், ஆவணப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். நன்னியின் தகப்பனார் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கேட்க மறக்க வேண்டாம்.

2. அன்றைய மாவட்டத்தில் தேடுங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல்தான் உருவானது. அதற்கு முன் நாம் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். எனவே பழைய பத்திரத்தில் “தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா, சின்னசேலம்” என்று இருந்தால் அது நம் ஊர்தான். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பழைய கோப்புகளைத் தென்னாற்காடு என்ற பெயரில்தான் கேட்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலிலும் இதைக் கவனியுங்கள். 2002-இல் சின்னசேலம் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது நீக்கப்பட்டது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பழைய பட்டியலைத் தேடும்போது இன்றைய தொகுதியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு “இல்லை” என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

3. ஜமாஅத் தஃப்தர்

நிக்காஹ் பதிவேட்டில் மணமக்கள் பெயர், தகப்பனார்கள் பெயர், ஊர், வக்கீல், சாட்சிகள், மஹர் ஆகியவை இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். அவர்கள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் பெரும்பாலும் பெண் வீட்டு மஹல்லாவில்தான் பதிவாகும். நன்னி ஆத்தூரிலிருந்து வந்தவர் என்றால் அவருடைய நிக்காஹ் பதிவை ஆத்தூர் ஜமாஅத்தில் கேளுங்கள். ஆத்தூர் சேலம் மாவட்டம் என்பதால் அவர் பிறந்த வீட்டு நிலப் பதிவுகளும் அந்தப் பக்கமே இருக்கும்.

ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் மாற்றிக் கணக்கிடுங்கள். ஹிஜ்ரி 1370 தொடங்கியது 1950 அக்டோபரில். கபர்ஸ்தானில் மீஸான் கல்லில் எழுத்து இருந்தால், அழிவதற்குள் படம் எடுத்து வையுங்கள்.

4. அரசுப் பதிவுகள்

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றைத் தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் இருப்பது இன்றைய நிலை. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்கள் திருத்தி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய பட்டாதாரர் பெயருக்குப் பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் மூன்று தலைமுறையின் பெயர்கள்கூட ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அந்தத் தேதி சேர்க்கைக்காக உத்தேசமாக எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். நகல் தர அலுவலகம் தாமதித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் தேட வேண்டாம். தனிநபர் விவரங்களை அதில் வெளியிடமாட்டார்கள்.

சிங்கப்பூர், மலாயா போன உறவினர்கள் இருந்தால், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் தமிழ் முரசு பழைய இதழ்களைத் தேடிப் பார்க்கலாம்.

5. எழுத்து மாறினால் ஆள் மாறிவிடுமா?

முஹம்மது, முகமது, மொகமது மூன்றும் ஒருவராக இருக்கலாம். ஷேக் என்பது சேக் ஆகியிருக்கும். ஓரிடத்தில் பீவி என்றும் இன்னோரிடத்தில் பீ என்றும் இருக்கும். ராவுத்தர், சாயபு என்பவை ஒரு பத்திரத்தில் இருந்து மறு பத்திரத்தில் விடுபட்டிருக்கும். ஆகவே எல்லா எழுத்து வடிவங்களிலும் தேடுங்கள்.

மறுபுறம், ஒரே பெயரில் இருவர் இருப்பதும் நம்மிடையே சாதாரணம். பெயருடன் தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண் ஆகியவற்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகும்வரை பென்சிலால் எழுதுங்கள், ஒத்துப்போன பிறகு பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்றும் குறித்து வையுங்கள்.

இந்த ஜும்ஆவுக்குள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் பெற்றோர், அவர்களின் பெற்றோர், அந்த நால்வரின் உடன்பிறந்தவர்கள் அனைவரையும் எழுதுங்கள். சகோதரிகள் பெயரையும் அவர்களை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதையும் முதலில் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குடும்பத்தின் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். ஆவணம் அலுவலகத்தில் காத்திருக்கும். பெரியவர்களின் ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது.